நடுவில் இருப்பதைப் பார்க்கும் கமரா

பாரிஸ் லா ஷப்பலில் தான் இருந்த அறையைக் காலி செய்வதாக கௌரி எழுதிய கடிதம் மூன்று நாட்களாகக் குளிர்ப்பெட்டியின் மேல் கிடந்தது. உறையில் வீட்டுக்காரரின் விலாசம் எழுதியாயிற்று, உள்ளே ஒப்பமும் வைத்தாயிற்று. சனிக்கிழமை அக்கா நாகேஸ்வரி நகருக்கு வெளியே கூசேன்வில்லிலிருந்து வருவாள். இருவருமாகத் தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் போடுவதாகப் பேச்சு. அதன் பிறகு கௌரிக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் அறையும் இல்லை, ஒபர்வில்லியேயில் வேலையும் இல்லை.

அக்காவின் மகன் கஜனுக்கு ஐப்பசியில் பிள்ளை பிறக்க இருந்தது. கஜனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். அக்கா தன் வீட்டு மேல்மாடி அறைக்குப் புது வர்ணம் பூசி, அதன் பூட்டுக்குரிய திறப்பையும் கொண்டுவந்து தந்துவிட்டாள்.

“ஐம்பத்து நாலு வயசில தனிய இருந்து ஆருக்குச் சமைக்கிறாய்? கஜனை வளர்த்த கைக்கு அவன்ர பிள்ளை பாரமே?”

கௌரிக்கும் அது சரியாகத்தான் பட்டது. நீ வேண்டும் என்று கேட்க ஒரு வீடு இருப்பது சின்ன விஷயமில்லை. பிள்ளையின் ஸ்கான் படத்தைக் குளிர்ப்பெட்டிக் கதவில் கொளுக்கி வைத்த காந்தத்தால் ஒட்டி, அந்தக் கொளுக்கியிலேயே திறப்பையும் மாட்டி வைத்திருந்தாள். பால் எடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் திறப்பு படத்தில் தட்டி ஒரு சின்னச் சத்தம் வரும்.

செய்தி கசந்தது மாக்சிமுக்குத்தான். ஒபர்வில்லியேயில், மொத்த வியாபாரக் கிட்டங்கிகளுக்குப் பின்னால் அவனுடைய பட்டறை இருந்தது. பழைய ஃபிலிம் கமராக்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, சரிசெய்து விற்கிறவன். கௌரி 2006இல் அங்கே தூசி துடைக்கச் சேர்ந்தவள். மாக்சிமின் தகப்பன் அப்போது முதலாளி. ஒருநாள் மூடி கழன்ற கமரா ஒன்றைத் துடைக்கும்போது உள்ளே இருந்த சின்னக் கண்ணாடி இடம் மாறியிருப்பதைக் கண்டு, கொண்டை ஊசியால் தள்ளி இருத்தினாள். கமரா வேலை செய்தது. அடுத்த வாரம் அவளுக்கென்று ஒரு மேசையும் விளக்கும் வந்தன. பத்து வருடத்துக்கு முன்பு யாரும் சீண்டாத அந்தப் பெட்டிகளை இப்போது இருபது வயதுப் பிள்ளைகள் தேடித்தேடி வாங்குகிறார்கள். வேலை மட்டுமட்டாய் இருந்த காலத்தில் நின்றவள், வேலை குவிகிற காலத்தில் போகிறாள் என்பதுதான் மாக்சிமின் ஆற்றாமை.

“கோனிகா பெட்டியை யார் திறப்பார்கள், மதாம் கௌரி? நான் திறந்தால் ஐந்து திருகாணி மிஞ்சும்.”

“மிஞ்சினதை எடுத்து வையுங்கள். பிறகு வந்து பார்க்கிறேன்.”

கோனிகா சி35 வரிசைதான் அவளுடைய கைக்குப் பழகியது. தன் மேசையோரத்தில் அந்த வரிசையை வருடப்படி அடுக்கி வைத்திருந்தாள். 1968இல் வந்த முதலாவது உள்ளங்கையில் அடங்கும். அதன் கண்ணாடிக்குள்ளே பார்த்தால் எதிரில் நிற்பவரின் முகத்தோடு அதே முகத்தின் மங்கல் நிழல் ஒன்றும் சற்று விலகித் தெரியும். வில்லையைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பத் திருப்ப நிழல் நகர்ந்து முகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிவிட்டால் படம் தெளிவாக விழும். வெளிச்சத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும். தூரத்தை மட்டும் எடுக்கிறவர் சொல்ல வேண்டும்.

மூன்று வருடம் கழித்து, இன்னும் எளிதாக விற்கவென்று வந்தது ‘வி’. அதில் நிழல் இல்லை. ஒரு ஆள், சில ஆட்கள், ஒரு மலை என்று வளையத்தில் சின்னச் சித்திரங்கள்; குத்துமதிப்பாகத் திருப்பினால் போதும். 1975இன் ‘ஈஎஃப்’ ஃப்ளாஷைத் தன் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தது. அதுவரை அது தனியே வாங்கிப் பொருத்த வேண்டிய சாமான். 1977இல் வந்த ‘ஏஎஃப்’ தூரத்தையும் தானே அளந்துகொண்டது. தானாகத் தெளிவு பார்க்கும் கமராக்களில் கடைக்கு முதலில் வந்தது அதுதான். முன்பக்கத்தில் இரண்டு சின்னச் சன்னல்கள். பொத்தானை அழுத்தினால் அவை இரண்டும் படத்தின் நடுவில் இருப்பதைப் பார்க்கும். வில்லை அந்தத் தூரத்தில் போய் நிற்கும்.

மாக்சிமுக்கு ஏஎஃப் என்றால் உயிர். ஒன்பது வருடத்தில் ஜப்பான்காரர் கைவேலையை எல்லாம் மனிதரிடமிருந்து எடுத்துவிட்டார்கள் என்று வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவான். கௌரிக்கு முதலாவதுதான் பிடிக்கும்.

“அது என்னைக் கேட்கும். இது கேட்காமலே முடிவு எடுக்கும்” என்றாள் ஒருமுறை. மாக்சிம் அதை அப்படியே தன் விற்பனைப் பக்கத்தில் போட்டுவிட்டான்.

இந்த வேலைக்கு வரமுன் பதின்மூன்று வருடம் கௌரி கூசேன்வில் அக்கா வீட்டை விட்டு அதிகம் வெளியே போனதில்லை. அவள் பிரான்சுக்கு வந்ததே ஒரு படத்தை நம்பித்தான். பாரிசில் இருந்த சஞ்சீவன் என்பவருக்கும் அவளுக்கும் கடிதத்தில் சம்பந்தம் பேசிப் பொருத்தமும் பார்த்தாயிற்று. அவருடைய படமும் சாதகக் குறிப்பும் விமானத் தபால் உறை ஒன்றில் வந்தன. அம்மா உறையின் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசித் தந்தாள். 1993 சித்திரையில் அந்த உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் கௌரி வந்து இறங்கினாள். விமான நிலையத்திலிருந்து போகிற வழியிலேயே அக்கா சொல்லிவிட்டாள்: “அந்தாள் மாசியிலயே கனடாவுக்குப் போயிட்டுது. அங்கை ஆரையோ கட்டியும் போட்டுதாம். நீ ஒண்டையும் மனசில வைச்சிருக்காதை.”

கௌரி அழவில்லை. மூன்று வயதுப் பெண்பிள்ளையும் ஒரு வயதுக் கஜனும் இருந்த வீட்டில் அழ நேரமும் இருக்கவில்லை. உறை மட்டும் தலையணைக்குக் கீழே கிடந்தது. சம்பந்தம் வேண்டாம் என்றால் படத்தையும் குறிப்பையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது யாழ்ப்பாணத்து ஒழுங்கு. வாயால் யாரும் ‘மாட்டோம்’ என்று சொல்வதில்லை. உறை திரும்பி வந்தால் விளங்கிக்கொள்வார்கள். இவரோ கனடாவில், விலாசம் தெரியாது. ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை அக்கா கையை நீட்டினாள்.

“தா, நான் கிழிச்சு எறியிறன். உனக்குக் கை வராது.”

தன் மனம் நோகாமலிருக்கத்தான் அக்கா இதைச் செய்கிறாள் என்று எண்ணி கௌரி உறையைக் கொடுத்தாள். அந்த எண்ணம் முப்பத்திரண்டு வருடம் மாறாமல் இருந்தது. வேறு வரன் வந்தபோதெல்லாம் கஜனுக்குக் காய்ச்சல், அத்தானுக்கு வேலை மாற்றம் என்று ஏதாவது குறுக்கே வந்து, பிறகு வரன்கள் வருவதும் நின்றுவிட்டது. அதற்கும் அவள் அக்காவை நினைத்ததில்லை. தன் சாதகத்தைத்தான் நினைத்தாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை மிருணாளினி பட்டறைக்கு வந்தாள். லா ஷப்பல் கடைகளில் கண்டு பழகியவள். கௌரியைவிட இரண்டு வயது மூத்தவள். கையில் ஒரு கோனிகா ஏஎஃப், மற்றக் கையில் ஒரு தடித்த அல்பம்.

“கௌரி, இதுக்குப் பிறவியிலயே கண் பழுது. மகள் தூக்கிக்கொண்டு திரியப் போறாளாம். பாரும், ஏலுமெண்டால் செய்யும். ஏலாட்டி மேசையில வைச்சு நெத்தலி நிறுக்கலாம்.”

கௌரி பின்மூடியைத் திறந்து, நடு வில்லைக்கு நேரே மெழுகுக் கடதாசியை வைத்து, சுவரில் ஒட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்து அழுத்தினாள். பிறகு சன்னலுக்கு வெளியே தெரிந்த கிட்டங்கிப் பெயர்ப்பலகையைப் பார்த்து அழுத்தினாள். இரண்டும் தெளிவு.

“அக்கா, இதில ஒரு பழுதும் இல்லை.”

“ஒரு பழுதும் இல்லையோ? அப்ப இதென்ன?” மிருணாளினி அல்பத்தின் முதல் தாள்களைத் திருப்பினாள். “என்ர கலியாணம். படக்காரன் பிந்தி வந்தவன். மச்சான்காரன் இந்தக் கமராவில எடுத்ததுதான் முதல் பன்னிரண்டு படமும். பன்னிரண்டிலயும் நாங்கள் ரெண்டு பேரும் ஆவி மாதிரி.”

உண்மைதான். மணமகனும் மணமகளும் பனிமூட்டத்துக்குள் நிற்பதுபோல் கரைந்திருந்தார்கள். ஆனால் பின்சுவரில் ரெஜிஃபோம் பலகையில் வெட்டி ஒட்டிய எழுத்துகள் வெட்டுவாய் கூடத் தெரிகிற அளவுக்குத் தெளிவு. இரண்டு பெயர்கள், கீழே 29.08.1993.

கௌரிக்குச் சிரிப்பு வந்தது. “தாலி கட்டின பிறகும் உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவில ஒரு ஆள் போகலாம் போல கிடக்கு.”

“பின்னை? ஆளைக் கண்டு நாலு நாள். மாமா பெரியப்பா எல்லாம் முன்னுக்கு நிக்கினம். முட்டினால் மண்டபம் இடிஞ்சு விழுந்திடும் எண்டு நினைச்ச காலமடியப்பா.”

“அதுதான் காரணம். இந்தக் கமரா நடுவில இருக்கிறதைத்தான் பார்க்கும். நீங்கள் விட்ட இடைவெளிக்குள்ளால அது சுவரைப் பார்த்திருக்கு. வெள்ளைக்காரர் தோளில கை போட்டுக்கொண்டு நிண்டிருப்பினம், அவைக்கு இப்பிடி வராது.”

“முப்பத்திரண்டு வருஷமா இந்தப் பெட்டியைத் திட்டினனே” என்று மிருணாளினி கமராவைத் தடவிக் கொடுத்தாள்.

அவளுக்கு விளக்கிக் காட்டவென்று கௌரி உருப்பெருக்கும் கண்ணாடியை எடுத்து ஒரு படத்தின் நடுவில் வைத்தாள். கரைந்த இரண்டு உருவங்களுக்கு இடையில், ரெஜிஃபோம் எழுத்துகளுக்குக் கீழே, இரண்டு பேர் நின்றார்கள். வெள்ளைச் சேட்டுப் போட்ட ஒரு ஆண். நீலச் சீலை கட்டிய ஒரு பெண். பெண் எதையோ நீட்டுகிறாள், ஆண் வாங்குகிறார். ஆணின் முகத்தை கௌரி நேரில் கண்டதில்லை. ஆனால் நான்கு மாதம் தலையணைக்குக் கீழே இருந்த முகம் அது. பெண் அவளுடைய அக்கா.

“இது ஆர், அக்கா?” என்று கேட்டாள். குரல் மாறவில்லை.

மிருணாளினி குனிந்து பார்த்தாள். “அட, சஞ்சீவன் அண்ணை. என்ர மனுசனோட ஒரே அறையில இருந்தவர். பாவம், ஊரில பேசி வந்த பொம்பிளை இஞ்சை வந்து இறங்கினாப் பிறகு மாட்டன் எண்டிட்டுதாம். அண்டைக்கு எங்கட கலியாண வீட்டிலதான் படம் திரும்பிக் கையில வந்ததாம். பந்தியில இருக்காமலே போயிட்டார்.”

“பிறகு கனடாவுக்குப் போயிட்டாரோ?”

“அது ரெண்டாயிரத்திலதான். அதுமட்டும் கார் து நோர் ஸ்ரேசனுக்குக் கிட்ட ஒரு றெஸ்ரோறன்ரில குசினியில நிண்டவர்.”

கௌரி கண்ணாடியை அந்த இரண்டு கைகளுக்கும் நடுவே நகர்த்தினாள். சிவப்பும் நீலமும் கரையிட்ட விமானத் தபால் உறை. தெரிந்த மூலையில் மஞ்சள். உறையைக் கொடுத்த மறுநாள், அந்த ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு நினைவிருந்தது. கஜனுக்கு மேல் சுட்டது. நீ நில்லு, நான் தலையைக் காட்டிப்போட்டு வாறன் என்று அக்கா மட்டும் ஒரு கலியாணத்துக்குப் போனாள். திரும்பி வரும்போது முறுக்கும் பயற்றம் பணியாரமும் கட்டிக்கொண்டு வந்தாள். கௌரி கஜனை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பணியாரத்தைச் சாப்பிட்டாள். ருசியாக இருந்தது என்று சொன்னதும் நினைவுக்கு வந்தது.

“கமராவும் அல்பமும் திங்கள்மட்டும் இருக்கட்டும்” என்றாள். “ஒருக்காத் துப்புரவாக்கித் தாறன்.”

சனிக்கிழமை அக்கா பதினொரு மணிக்கு வந்தாள். கீழே மரக்கறிக் கடையில் வாங்கிய முருங்கைக்காய்க் கட்டு கைப்பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. படியேறிய களைப்பில் கதிரையில் இருந்து, அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

“இன்னும் ஒண்டும் கட்டேல்லையே? பெட்டி கொண்டுவரச் சொல்லிக் கஜனுக்குச் சொல்லட்டே?”

கௌரி தேத்தண்ணியை வைத்தாள். பக்கத்தில் அந்தப் படத்தையும் உருப்பெருக்கும் கண்ணாடியையும் வைத்தாள்.

“இது ஆற்ற கலியாணம்?” என்றாள் அக்கா. “முகமே தெரியேல்லை. எடுத்தவனுக்குக் கண் தெரியாதே?”

“தெரியிற முகமும் இருக்கு. நடுவில பாருங்கோ.”

அக்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு உருப்பெருக்கியைக் கண்ணோடு வைத்தாள். நெடுநேரம் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. கீழே கடையில் யாரோ பெட்டிகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

“என்ர நீலச் சீலை” என்றாள் கடைசியில்.

“ஓம்.”

“பழைய படம், கௌரி. மங்கல். இதை வைச்சு என்னத்தைக் கண்டாய்?”

“மங்கல் மாப்பிள்ளையும் பொம்பிளையும்தான், அக்கா. நீங்கள் தெளிவு. உறையும் தெளிவு. கிழிச்சு எறியிறன் எண்டுதானே வாங்கினனீங்கள்?”

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைத் தொட்டாள், எடுக்கவில்லை.

“எனக்கு அப்ப ரெண்டு குஞ்சுகள். உன்ர அத்தானுக்கு ரோய்சி விமான நிலையத்தில விடியக் காலமை வேலை. எனக்கு அப்பதான் ஹோட்டலில அறை துப்புரவாக்கிற வேலை கிடைச்சது. நீ போனால் நான் அதை விட்டிருக்கவேணும். ஒரு வருஷம் இருக்கட்டும், பிறகு சொல்லுவம் எண்டுதான் நினைச்சனான். அவனைப் பொறுக்கச் சொல்லிப் பாத்தன், அவன் வீட்டை வரப்போறன் எண்டு நிண்டான். அதுக்குப் பிறகு நான் என்னெண்டு சொல்லுறது?”

“என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டால் நீ போயிருப்பாய்.”

அக்கா அப்படிச் சொல்வாள் என்று கௌரி எதிர்பார்க்கவில்லை. பொய் சொல்வாள், அல்லது அழுவாள் என்றுதான் இரண்டு நாளாக எண்ணிக்கொண்டிருந்தாள். நீ போயிருப்பாய் என்று தெரிந்தே கேட்காமல் விட்டவள், அதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்னது படத்தைக் கண்டதைவிட வலித்தது.

“உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?” என்றாள் அக்கா. “உடுப்போ, சாப்பாடோ? என்ர பிள்ளையள் உன்னைச் சித்தி எண்டு காலைச் சுத்திக்கொண்டு திரிஞ்சதுகள். அந்தாள் என்ன மாதிரி ஆளோ ஆருக்குத் தெரியும்? குடிகாரனாயும் இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கிற வேலை என்ர.”

அக்கா எழுந்தாள். முருங்கைக்காய்க் கட்டைச் சரிசெய்தாள். குளிர்ப்பெட்டியின் மேல் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள்.

“தபால் கந்தோர் பன்னிரண்டரைக்குப் பூட்டிப்போடும். வாறியா இல்லையா?”

இதற்குப் பிறகும் அக்காவால் அதைக் கேட்க முடிந்தது. கௌரிக்கு அப்போதுதான் ஒன்று தெளிவாக விளங்கியது. மேல்மாடி அறையும், புது வர்ணமும், தனிய இருந்து ஆருக்குச் சமைக்கிறாய் என்ற அக்கறையும் 1993இல் கேட்காமல் எடுத்துக்கொண்டதன் மிச்சம்தான்.

அவள் குளிர்ப்பெட்டிக் கதவிடம் போனாள். கடிதத்தை எடுத்து நான்காகக் கிழித்தாள். உறை தடிப்பாக இருந்ததால் இரண்டாவது தடவை சற்றுப் பலம் கொடுக்க வேண்டியிருந்தது. பிறகு கொளுக்கியிலிருந்து திறப்பைக் கழற்றினாள். காந்தம் வழுக்கி ஸ்கான் படமும் கையோடு வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு நின்றாள். படத்தைத் திருப்பிக் கொடுத்தால் அக்காவுக்கு விளங்கும். அவளைவிட நன்றாக அது யாருக்கு விளங்கும்? ஆனால் அதில் இருந்தது முகம்கூட ஒழுங்காக வராத ஒரு பிள்ளை. கௌரி அதை மறுபடி கதவில் வைத்துக் காந்தத்தை அழுத்தினாள். திறப்பை மட்டும் ஒரு வெள்ளை உறைக்குள் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினாள்.

அக்கா உறையைப் பார்த்தாள். வாங்க அவளுக்கு நேரம் எடுத்தது.

“கஜனுக்கு நான் என்ன சொல்லுறது?”

“நான் கனடாவுக்குப் போயிட்டன் எண்டு சொல்லுங்கோ.”

அக்கா இறங்கிப் போகிற சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது. இரண்டாம் மாடியில் கொஞ்சம் நின்றாள். பிறகு மறுபடி இறங்கினாள்.

திங்கட்கிழமை கௌரி வழக்கமான நேரத்துக்குப் பன்னிரண்டாம் இலக்க மெற்றோவில் ஒபர்வில்லியேக்குப் போனாள். மாக்சிம் அவள் மேசையில் ஒரு சின்னக் கிண்ணத்தில் திருகாணிகளைப் போட்டு வைத்திருந்தான். எண்ணினாள். ஏழு.

“ஐந்து என்றுதானே சொன்னீர்கள்?”

“நீங்கள் இல்லாத காலத்துக்குப் பழகிப் பார்த்தேன்.”

“பழக வேண்டாம். நான் போகவில்லை.”

அவன் ஏன் என்று கேட்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கோப்பி போடப் போனான்.

பத்து மணிக்கு மிருணாளினி வந்தாள். வழக்கமான சத்தம் இல்லை. கதவடியில் நின்றே கௌரியைப் பார்த்தாள்.

“நான் வீட்டை போய் மனுசனைக் கேட்டனான். ஊரில பேசி வந்த அந்தப் பொம்பிளை நாகேஸ்வரியின்ர தங்கச்சியாம். இந்த வாய்க்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம் நான்.”

“நீங்கள் சொல்லாட்டிலும் படம் சொல்லியிருக்கும்.”

“அவற்ற நம்பர் எடுத்துத் தரட்டே? ரொறொன்ரோவில இருக்கிறாராம். பேரப்பிள்ளையும் இருக்காம்.”

“வேண்டாம், அக்கா.” கௌரி கமராவைக் கடதாசியில் சுற்றினாள். பிறகு அல்பத்தை அவளிடம் தள்ளினாள். அதில் ஒரு இடம் வெறுமையாக இருந்தது. “பன்னிரண்டில ஒண்டை நான் எடுத்து வைச்சிருக்கிறன். தருவீங்களோ?”

“என்ர கலியாணப் படத்தையோ?”

“அதில உங்கட முகம் இல்லைத்தானே.”

மிருணாளினி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வைச்சிரும்” என்றாள். “ஆனால் என்ன செய்யப் போறீர் அதை வைச்சு?”

கௌரி சுற்றிய கடதாசியை மறுபடி பிரித்தாள். பழுது பார்த்த கமராக்களில் கட்டுகிற சின்ன அட்டை ஒன்றை எடுத்து, முதலில் பிரெஞ்சிலும் கீழே தமிழிலும் எழுதினாள்: ‘பழுது இல்லை. இரண்டு பேர் நின்றால், முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.’ நூலைக் கமராவின் காதில் முடிந்து கொடுத்துவிட்டு, கோனிகாப் பெட்டியை மேசைக்கு இழுத்துக்கொண்டாள்.